கற்களைக் கற்ற அறிஞர்

கருநாடக நாட்டின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திர நிலத்தைக் கடந்து தமிழகத்துட் புகுந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு ஆகிய ஊர்களை அடுத்துக் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அது வெறும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். அதன் கரையிலுள்ள ஊர்கள் பல, தோல் பதனிடும் தொழிலால் உலக நாடுகளில் பெயர் பெற்றவை. அவ்வூர்களைச் சுற்றிலும் பாறைக் குன்றுகள் நிற்கின்றன. குன்றின் அடிவாரத்திலும் ஓடைப் படுகையிலும் கற்கள் எண்ணிலடங்காமல் கிடக்கின்றன. ஏர் முனை தடைப்படுமே என்று உழவர் அவற்றைப் பொறுக்கி வரப்பில் எறிவர். சாலை அமைப்போர் அவற்றை உடைத்துப் பரப்புவர். நெடுங்காலமாக அக்கற்களை ஊன்றி நோக்கியவர் எவருமிலர்.

எழுத்துத் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலத்திற்கு முன்னரே இந்நாட்டில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அத்தகைய கற்களே சான்று பகரும் என்பதைக் கண்டு நிறுவிய பெருமை இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பாரைச் சாரும். அவர் பழம்பொருள் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். நிலத்தின் அமைப்பை ஆராய்வதே அவர் ஊதியம் பெற்றுச் செய்த வேலை. எஞ்சிய நேரத்தில் ஆர்வம் ஒன்றையே துணையாகக் கொண்டு கற்ற கல்வியினால், இந்திய வரலாற்றுக்கு முற்பட்ட கால ஆய்வின் தந்தை எனப் பிற்காலத்தார் போற்றும் நிலையை அவர் எய்தினார்.

பிறப்பும் பணியும்

ஃபூட் இங்கிலாந்திலுள்ள செல்ட்டன்ஹாம் என்னும் நகரில் 1834ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் பிறந்தார். தம் இருபத்து நான்காம் வயதில், 1858ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணி ஏற்றார். சென்னை மாகாணம் அவருக்குரிய ஆய்வு நிலமாயிற்று. மழை ஓய்ந்த மாதங்களில் கூடாரம் அடித்துத் தங்கியும், குதிரைமீதும் கால்நடையாகவும் சென்றும், எந்த இடத்தில் எவ்வகைப் பாறை உள்ளது என்பதை நிலப்படத்தில் குறிப்பது அவர் கடமை. வெயிலையும் காய்ச்சலையும் பொருட்படுத்தாது அவர் அதனை ஆற்றிவந்தார்.

அவர் மணந்த மங்கை, தமிழ்ப் பணியால் புகழ்பெற்ற பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளாவார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவரும், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கியவரும் அப்பெர்சிவலே. மாமனார் மக்கள் வாயில் வழங்கிய பழமொழிகளைத் தொகுத்தார். மருமகனார் மண்ணில் புதைந்து கிடந்த பழம்பொருள்களைத் தொகுத்தார்.

ஆர்வத்தைத் தூண்டிய செய்தி

அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞரிடையே பெரியதொரு வாதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. உலகில் மனிதன் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று பலர் நம்பினர். பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரையிலுள்ள அபெவில் என்னும் ஊரில் சுங்க அலுவலராக இருந்த பூஷே தெ பெர்த் என்பவர், ஆற்றின் சரளைப் படுகையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு செதுக்கிய கற்களையும் கண்டெடுத்தார். அவ்விலங்குகள் வாழ்ந்த காலத்திலேயே மனிதனும் வாழ்ந்தான் என்று அவர் கூறியதை அறிஞர் உலகம் பல்லாண்டுகள் ஏற்கவில்லை. 1859ஆம் ஆண்டில் ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவான்ஸ் என்னும் ஆங்கிலேயர் இருவர் அவ்விடத்திற்கே சென்று, படுகையை நேரில் ஆராய்ந்து, அவர் கூற்று மெய்யென அறிவித்தனர்.

இம்மூவரின் தொழில்களும் கருதத்தக்கவை. ஒருவர் சுங்க அலுவலர். பிரெஸ்ட்விச் அந்நாளில் ஒரு வணிகர். எவான்ஸ் காகித ஆலை நடத்தியவர். பழங்கால ஆய்வை இவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. தொழில் புரிந்து எஞ்சிய பொழுதில் தாமே கற்று, மனித வரலாற்றின் எல்லையை விரிவாக்கினர்.

இச்செய்தி கடல் கடந்து ஃபூட்டின் உள்ளத்தை எட்டியது. பிரான்சு நாட்டின் சரளையில் கிடைத்தது போன்ற கருவி தென்னாட்டுச் சரளையிலும் ஏன் இருத்தலாகாது என்னும் எண்ணம் அவரிடம் எழுந்தது. பாறைகளைக் காணச் சென்ற இடமெல்லாம் அவர் கண்கள் கருவிகளையும் தேடலாயின.

பல்லாவரத்துச் சரளைக் குழி

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் படைவீடு இருந்த இடத்திற்கு அருகில் அவர் சென்றுகொண்டிருந்தார். அங்கே செம்புரைச் சரளை எடுப்பதற்காகச் சிறு குழி ஒன்று தோண்டப்பட்டிருந்தது. குழியிலிருந்து வெளியே கொட்டிய கழிவுக் கற்களினிடையே ஒரு கல் அவர் பார்வையை ஈர்த்தது. அது இயற்கையாக உடைந்த கல்லாகத் தோன்றவில்லை. மனிதன் தன் தேவை கருதித் தட்டிச் செதுக்கிய கருவி அது என்பதை ஃபூட் உணர்ந்தார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவியென ஐயமின்றி உணரப்பெற்ற முதற் கல் அதுவே. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு.

மகிழ்ச்சி மிகுந்திருந்த அவ்வேளையிலும் ஃபூட் ஒன்றை மறக்கவில்லை. அக்கல் குழிக்கு வெளியே கிடந்தது. அது சரளை அடுக்கினுள் இருந்ததா, பின்னாளில் யாரேனும் அங்கு எறிந்ததா என்று வினவுவோர்க்கு விடையளிக்க வேண்டும். செம்புரைப் படுகையின் உள்ளே பதிந்த நிலையில் மற்றொரு கருவி கிடைத்தாலன்றித் தம் கூற்று நிலைபெறாது என்பதை அவர் நன்கறிந்தார். ஆதலின் தேடுதலைத் தொடர்ந்தார்.

நான்கு திங்கள் கழிந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள், உடன் பணிபுரிந்த வில்லியம் கிங் என்னும் நண்பரோடு, கொற்றலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கத்து ஓடைக்குச் சென்றார். மழைநீர் அரித்த கரையில் மண்ணின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அங்கே அவர்களுக்குக் கல்லாயுதங்கள் கிடைத்தன. அவற்றுள் படுகையினுள் பதிந்து கிடந்ததும் இருந்தது. பல்லாவரத்தில் எழுந்த ஐயம் அத்திரம்பாக்கத்தில் நீங்கியது.

அத்திரம்பாக்கத்துக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட்டு எனப்படும் கடினமான கல்லால் ஆனவை. அருகிலுள்ள அல்லிக்குளி மலைகளிலிருந்து அடித்துவரப்பெற்ற உருண்டைக் கற்களே அவற்றிற்கு மூலப்பொருள். ஆற்றோரத்தில் நீரும், வேட்டைக்குரிய விலங்கும், கருவிக்கேற்ற கல்லும் ஒருங்கே கிடைத்தமையால் பண்டை மக்கள் அவ்விடத்தை நாடியிருத்தல் வேண்டும்.

பாலாற்று நிலத்தில்

ஃபூட் சென்னைச் சுற்றுப்புறத்தோடு நிற்கவில்லை. வேலூரும் ஆம்பூரும் அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்துச் செம்புரைப் படுகைகளிலும் கல்லாயுதங்கள் கிடைப்பதை அவர் கண்டறிந்தார். சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களில் கிடைத்த கருவிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1866ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1868ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியற் கழகத்தின் இதழ் வாயிலாகத் தென்னிந்தியக் கருவிகளைப் பற்றி உலக அறிஞர்க்கு எடுத்துரைத்தார். பாலாற்றின் வடபால் அமைந்த நிலப்பகுதியின் பாறைகளைக் குறித்த அவரது விரிவான நூல் 1873ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இப்பகுதியைப் பற்றிக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கொற்றலையாறு காவேரிப்பாக்கத்துப் பேரேரியின் மிகை நீரைப் பெற்று ஓடுகின்றது. அவ்வேரிக்கோ பாலாற்றிலிருந்தே நீர் வருகின்றது. முற்காலத்தில் பாலாறே அவ்வழியாக வடகிழக்கில் ஓடிக் கடலை அடைந்தது என்று நிலவியல் அறிஞர் கருதுவர். கொற்றலையாற்றுக்கு முதிய பாலாறு என்னும் பொருள்தரும் பெயரும் வழங்கியிருக்கின்றது. ஆகவே, அத்திரம்பாக்கத்தின் பழமையும் பாலாற்றின் பழமையும் தொடர்புடையன எனலாம்.

அவர் கற்ற முறை

ஒரு கல் இயற்கையில் உடைந்ததா, மனிதன் உடைத்ததா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கூர்ந்த நோக்கும் பொறுமையும் போதும். கடினமான கல்லின் விளிம்பில் மற்றொரு கல்லால் ஓங்கி அடித்தால் செதில் ஒன்று பெயரும். அடி விழுந்த இடத்திற்குக் கீழே, செதிலின் உட்புறத்தில் சிறு புடைப்புத் தோன்றும். செதில் பெயர்ந்த கல்லில் அதற்கேற்ற குழிவு அமையும். அத்தகைய குழிவுகள் இருபுறமும் முறையாக அமைந்து, ஒரு பக்கம் கூரிய விளிம்பும் மறு பக்கம் கைப்பிடிக்கு ஏற்ற பருமனும் காணப்படின், அது கைக்கோடரி எனக் கொள்ளலாம். வெயிலால் பிளந்த கல்லில் இவ்வொழுங்கு இராது. ஆற்றில் உருண்ட கல்லோ விளிம்பு மழுங்கி வழவழப்பாகும்.

புதிய கற்காலத்து மக்கள் செய்த கோடரிகள் வேறு வகையின. அவை பெரும்பாலும் கரிய பாறையால் ஆனவை. தட்டி உருவாக்கியபின் தேய்த்து மெருகேற்றப்பட்டவை. சேர்வராயன், சவ்வாது மலைகளில் வாழும் மக்கள் இத்தகைய கற்களை நிலத்தில் கண்டால், அவற்றின் வழவழப்பைக் கண்டு வியந்து, மரத்தடியில் வைத்துப் பிள்ளையாராக வழிபட்டுவந்துள்ளனர். அறிஞர்க்கு அவை சான்றுகள். மலைவாழ் மக்கட்கு அவை தெய்வங்கள். இரு சாராரும் அவற்றைப் போற்றியமையால் அவை அழியாது நின்றன.

ஃபூட் கற்களைத் திரட்டியதோடு அமையவில்லை. ஒவ்வொன்றும் எந்த ஊரில், எவ்வகை நிலத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பதைக் குறித்துவைத்தார். கண்டெடுத்த இடம் அறியப்படாத கருவி, முதற்பக்கமும் இறுதிப்பக்கமும் இழந்த ஏட்டுச்சுவடியை ஒக்கும். அதன் அழகை வியக்கலாமேயன்றி அதிலிருந்து வரலாற்றை உணர்தல் அரிது. இவ்வுண்மையை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்.

பிறர் கண்டறிந்தவற்றை மறைத்துத் தமக்கே புகழ் தேடும் இயல்பு அவரிடம் இல்லை. பெல்லாரிக்கு அருகிலுள்ள குப்கல் என்னும் குன்றில், பண்டை மக்கள் கற்கோடரிகளைப் பெருமளவில் செய்த இடம் ஒன்று உள்ளது. அதனை முதலில் கண்டவர் வில்லியம் ஃபிரேசர் என்னும் மாவட்டப் பொறியாளர் என்பதை ஃபூட் வெளிப்படையாக எழுதிவைத்தார். ஆர்வலர் பலர் கூடி வளர்க்கும் கல்வி இது என்பதே அவர் கொள்கை.

சாம்பல் மேடுகளும் குகைகளும்

அப்பெல்லாரிப் பகுதியில் ஆங்காங்கே பெரிய சாம்பல் மேடுகள் உள்ளன. பழங்காலத்து அரக்கர்களை எரித்த சாம்பல் அது என்று அப்பகுதியினர் கதை வழங்கிவந்தனர். வேறு சிலர் வேறு காரணங்கள் கூறினர். ஃபூட் அம்மேடுகளை ஆராய்ந்து, அவை புதிய கற்கால மக்களின் கால்நடைச் சாணம் எரிந்து திரண்டவை என்னும் கருத்திற்கு வந்தார். பின்னாளில் நிகழ்ந்த அகழாய்வுகள், அவை மாட்டுப் பட்டிகள் இருந்த இடங்கள் என்பதைக் காட்டி அக்கருத்தை உறுதிசெய்தன.

1884ஆம் ஆண்டை ஒட்டிக் கர்னூல் பகுதியிலுள்ள பில்லா சுர்க்கம் குகைகளில் அகழ்ந்து ஆராயும் பொறுப்பு அவருக்குக் கிட்டியது. அவர் மைந்தர் ஹென்றியும் அப்பணியில் பெரும்பங்கு கொண்டார். தந்தையும் மகனும் குகை மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்து, பண்டைய விலங்குகளின் எலும்புகள் பலவற்றை வெளிப்படுத்தினர்.

முதுமையும் மறைவும்

1891ஆம் ஆண்டில் ஃபூட் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆயினும் உழைப்பினின்று ஓய்வு பெறவில்லை. பரோடா, மைசூர் அரசுகளுக்காக நிலவியல் ஆய்வை மேற்கொண்டார். சேலத்தை அடுத்த ஏற்காட்டில் இல்லம் அமைத்து, தாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொல்பொருள்களை வகைப்படுத்தினார். நானூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் திரட்டிய பொருள்கள் அவை. 1904ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியகம் அத்தொகுப்பை விலைக்குப் பெற்றது. பல்லாண்டுக் காலம் ஒருவர் இல்லத்தில் இருந்தவை, அன்று முதல் அனைவரும் காணும் பொதுச் செல்வம் ஆயின.

முதுமையிலும் அவர் அத்தொகுப்பிற்கு விளக்கம் எழுதுவதில் ஈடுபட்டிருந்தார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் உயிர் நீத்தார். அவர் உடற்சாம்பல் ஏற்காட்டுத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. கருவிகளின் காலத்தையும் பரவலையும் குறித்த அவரது குறிப்பு நூல், அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் சென்றபின், 1916இல் வெளிவந்தது.

குறிப்பின் வலிமை

ஃபூட் கூறியன அனைத்தும் பிற்கால ஆய்வில் நிலைபெறவில்லை. கடற்கரையை ஒட்டிய செம்புரைப் படுகைகள் கடலால் படிந்தவை என்று அவர் தொடக்கத்தில் கருதினார். பின்வந்தோர் அதனை ஏற்றிலர். கருவிகளின் வயதைக் கணக்கிடும் வழியும் அவர் காலத்தில் இல்லை. எனினும், கருவி கிடைத்த இடத்தை அவர் பிழையின்றிக் குறித்துவைத்தமையால், பின்வந்தோர் அவ்விடத்திற்கே சென்று மீண்டும் ஆராய முடிந்தது.

அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு என்னும் தொல்லியல் அறிஞரும் அவர் குழுவினரும் அறிவியல் முறையில் அகழ்ந்தனர். ஃபூட் கண்ட வகையைச் சேர்ந்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். அவற்றினும் நுட்பமான இடைப் பழைய கற்காலத்துச் செதிற் கருவிகள், அதே ஊரில் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தோன்றிவிட்டன என்பதை 2018ஆம் ஆண்டில் நிறுவினர். கொள்கை மாறலாம், உண்மையாக எழுதிய குறிப்பு பயன் தந்துகொண்டே இருக்கும்.

பாலாற்று மாவட்டங்களிலும் ஆய்வு தொடர்ந்தது. திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1964க்கும் 1968க்கும் இடையே அகழாய்வு நிகழ்த்தினர். புதிய கற்கால மக்கள் பயன்படுத்திய மெருகேற்றிய கோடரிகளும், கொள், பச்சைப்பயறு ஆகியவற்றின் கரிந்த மணிகளும் அங்கு வெளிப்பட்டன. அடுத்து வந்த காலத்து மக்கள் இரும்பை அறிந்திருந்தனர் என்பதற்கும் சான்று கிடைத்தது. இன்றும் அந்நிலத்து மக்கள் உண்ணும் கொள்ளும் பயறும் அத்துணைப் பழமை உடையன.

இளைஞர் கொள்ளத்தக்கது

பழங்காலக் கருவிகளுள் சுரண்டி என்பது ஒன்று. விலங்கின் தோலில் ஒட்டிய ஊனை வழித்து நீக்க அது பயன்பட்டிருக்கும் என்று அறிஞர் கருதுவர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் உள்ள தோல் பதனிடும் கூடங்களில் முதலில் நிகழும் வேலைகளுள் ஒன்றும் அதுவே. கல் போய் இரும்பு வந்தது. கைக்கத்தி போய்ப் பொறி வந்தது. தோலைத் தூய்மை செய்யும் தொழில் மாறவில்லை. தந்தையும் பாட்டனும் செய்த தொழிலின் தொன்மையை உணரும் மாணவனுக்கு வரலாறு அயலான பாடமாகத் தோன்றாது.

இக்கல்வியைத் தொடங்கத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வேலூர்க் கோட்டையினுள் அரசு அருங்காட்சியகம் உள்ளது. சென்னை எழும்பூரில் ஃபூட்டின் தொகுப்பைப் பெற்ற அருங்காட்சியகமும், பூண்டியில் கற்காலக் கருவிகளுக்கென அமைந்த காட்சியகமும் உள்ளன. ஆம்பூரில் கிடைத்த, பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் கல்வெட்டு அறிஞரால் படித்து வெளியிடப்பெற்றவை. இவற்றை நேரில் காண்பதும், வரைந்து பார்ப்பதும், அளவெடுத்து எழுதுவதும் நல்ல பயிற்சியாகும். தன் ஊரிலுள்ள நடுகல், ஏரித் தூம்பு, பழைய கல்வட்டம் ஆகியவற்றை ஓர் ஏட்டில் குறித்துவைக்கும் மாணவன், ஃபூட் நடந்த வழியிலேயே நடப்பவன் ஆவான்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மண்ணைத் தோண்டுவதற்கு முறையான பயிற்சியும் அரசின் இசைவும் வேண்டும். அவையின்றித் தோண்டுபவன் ஏட்டைக் கிழித்துவிட்டுப் படிக்க முயல்பவன் ஆவான். நிலத்தின்மேல் அரிய பொருள் தென்பட்டால், அதனை எடுத்துச் செல்லாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியர்க்கும் வட்டாட்சியர்க்கும் தொல்லியல் துறையினர்க்கும் தெரிவித்தல் கடமையாகும்.

பல்லாவரத்துக் குழியருகே ஃபூட்டிற்கு முன்பும் பலர் நடந்து சென்றிருப்பர். அவர்கள் கண்ட அதே கல்லை அவரும் கண்டார். ஆனால், நான்கு ஆண்டுகட்கு முன் அயல்நாட்டில் வெளியான ஒரு செய்தியை அவர் ஆர்வத்தோடு படித்திருந்தார். படித்ததனை மறவாமல், தம் காலடி மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்பழக்கம் எவரும் கைக்கொள்ளத்தக்கது. அதற்குச் செல்வமும் வேண்டா, பட்டமும் வேண்டா.